துளி ஏன் சிதறுகிறது?

(தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பில் கூலிக் கணக்குப் பார்த்தோம். இன்றைக்கு ஒரு தண்ணீர்த் துளியைப் பற்றிப் பேசப் போகிறேன். “துளியைப் பற்றிப் பேச ஒரு வகுப்பா?” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தத் துளியிலிருந்து புறப்பட்டு அணுகுண்டு வரைக்கும் போகலாம். பூச்சி மருந்து அடித்தவன் உடம்பில் ஏறிய விஷத்தை எடை போடும் கருவி வரைக்கும் போகலாம். வழி நெடுக ஒரே விஷயந்தான் வரும். ஒட்டவைக்கும் சக்தி ஒன்று, விலக்கித் தள்ளும் சக்தி ஒன்று. எது மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

முதலில் உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கார்டிங் டிபார்ட்மெண்டில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது பழக்கமான சங்கதி. காற்று வறண்டு போன நாளில் பஞ்சு சொன்னபடி கேட்காது. இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பிசிறடிக்கும், இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும், உருளையில் சுற்றிக்கொள்ளும். செயற்கை இழை கலந்த பஞ்சானால் தொல்லை இன்னும் அதிகம். அதனால்தான் காற்றில் ஈரம் ஏற்றும் இயந்திரத்தை மில்லில் வைத்திருக்கிறார்கள். உங்கள் உடம்பு குளிர வேண்டும் என்று வைத்ததல்ல, நூல் அறுந்து போகக் கூடாது என்று வைத்தது!

பஞ்சுக்கு என்ன கோபம்? இழை உலோகத்தில் உராயும்போது மின்சாரம் ஏறுகிறது. பக்கத்துப் பக்கத்து இழைகளில் ஒரே இன மின்சாரம் ஏறுகிறது. ஒரே இன மின்சாரம் ஒன்றையொன்று விலக்கும். காற்றில் ஈரம் இருந்தால் இழையும் ஈரம் பிடிக்கும். ஏறிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே கசிந்து போய்விடும். வறண்ட காற்றில் அது போக வழியில்லாமல் இழையிலேயே தங்குகிறது. தங்கின மின்சாரம் தள்ளுகிறது.

வயலில் வேலை செய்கிற தோழர்கள் சேப்பங்கிழங்கு இலையில் பனித்துளி உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் உருண்டையாக நிற்கிறது? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் மூலக்கூறை நாலா பக்கமும் உறவினர் பிடித்திருக்கிறார்கள். மேற்பரப்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் ஆள் இல்லை; ஆகவே அது உள்ளே இழுபடுகிறது. மேற்பரப்பு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது துளி. இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள்.

இப்போது அந்தத் துளியில் மின்சாரத்தை ஏற்றுங்கள். ஏறின மின்சாரம் துளியின் மேற்பரப்பில் போய்ப் பரவி நிற்கும். துண்டுக்குத் துண்டு தள்ளும். பரப்பு இழுவிசை உள்ளே இழுக்கும். மின்சாரம் வெளியே தள்ளும். எதுவரை தாங்கும்?

இந்தக் கேள்விக்கு 1882ல் கணக்குப் போட்டு விடை சொன்னவர் இங்கிலாந்து தேசத்துப் பிரபு ஒருவர், ரேலே என்று பெயர். எஸெக்ஸ் ஜில்லாவில் டெர்லிங் என்ற ஊரில் 7,000 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர். 1876ல் நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டோடு ஆராய்ச்சிச் சாலை வைத்துக்கொண்டு பௌதிகத்தில் இறங்கிவிட்டார். 1904ல் நோபல் பரிசு பெற்றார். ஜமீன்தார் கணக்கு என்றால் நாம் இரண்டு தடவை சரிபார்ப்பது வழக்கம். இந்தக் கணக்கை உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சரிபார்த்துவிட்டது; சரியாகவே இருக்கிறது.

அவர் கண்டது இதுதான். ஒவ்வொரு அளவுத் துளிக்கும் மின்சாரம் ஏற்ற ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரை துளி உருண்டையாகவே நிற்கும். எல்லையைத் தொட்டதும் அதன் உருண்டை வடிவம் நிலைக்காது. லேசாக ஒரு பக்கம் நீண்டாலும் போதும், மேலும் நீளும், நூற்புக் கதிரைப் போல இரண்டு முனையும் கூராகும், கூரிலிருந்து பீறிடும்.

எண்ணில் சொன்னால் விளங்கும். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தண்ணீர்த் துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 400 கோடி எலெக்ட்ரான் அளவுக்கு மின்னேற்றம் தாங்கும். 400 கோடி என்றதும் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்தத் துளியில் உள்ள மூலக்கூறுகளைப் பங்கு போட்டால் சுமார் 3,500 கோடி மூலக்கூறுக்கு ஒரே ஒரு எலெக்ட்ரான் வருகிறது! துளியைச் சிதறடிக்க அவ்வளவு போதும். மின்சாரத்தின் தள்ளும் பலம் எப்பேர்ப்பட்டது என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். வெயிலில் துளி வற்றுகிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது, மின்சாரமோ பெரும்பாலும் போவதில்லை, துளியிலேயே தங்கிவிடுகிறது. துளி சிறுத்துச் சிறுத்து அதன் குறுக்களவு நாலில் ஒரு பங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரேலேயின் கணக்குப்படி அது தாங்கக்கூடிய மின்சாரம் நாலில் ஒரு பங்கு அல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே முதலில் எல்லைக்கு வெகு கீழே பத்திரமாக இருந்த துளிகூட, ஒரு பொட்டு மின்சாரம் புதிதாக ஏறாமலே, வற்றின காரணத்தினாலேயே எல்லையை எட்டிவிடும். சுமை கூடவில்லை, தாங்குகிற உடம்பு சிறுத்தது.

எல்லையைத் தொட்ட துளி எப்படி உடைகிறது? இரண்டு சமபாதியாகப் பிளக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2003ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் இதைப் படமே எடுத்துக் காட்டினார்கள். கிளைகால் என்ற திரவத்தின் ஒரு நுண்துளியை மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்தினார்கள். துளி வற்றியது, எல்லையைத் தொட்டது, எலுமிச்சம்பழம் போல நீண்டது, இரு முனையிலிருந்தும் மெல்லிய தாரை பீறிட்டது, மறுபடி துளி உருண்டையாகிவிட்டது. அளந்து பார்த்தால், துளி இழந்த எடை ஆயிரத்தில் மூன்று பங்குதான், இழந்த மின்சாரமோ மூன்றில் ஒரு பங்கு! அந்தத் தாரை சுமார் 100 பொடித் துளிகளாகச் சிதறியது. தாய்த்துளி சரக்கை வைத்துக்கொண்டு சுமையை மட்டும் வெளியேற்றிவிட்டது. பொடித் துளிகள் தலையில் சுமை ஏறியது. அவை வற்றினால் அவையும் உடையும்.

துளியைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள தண்ணீர்த் துளியில் சுமார் 140 மூலக்கூறு இருக்கும். ரேலே கணக்குப்படி அது தாங்குவது 4 மின்னேற்றம். ஆனால் இந்த அளவுக்கு வந்த பிறகு துளி என்று சொல்வதே சரியில்லை. எண்ணி விடக்கூடிய சில அணுக்களின் கொத்து அது. அங்கே பரப்பு இழுவிசை என்ற மொத்தக் கணக்கு போதாது. ஒவ்வொரு அணுவும் எங்கே நிற்கிறது, யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

1981ல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் சர்வகலாசாலையில் சாட்லர் முதலிய விஞ்ஞானிகள் இதைச் செய்தார்கள். ஸெனான் என்று ஒரு வாயு. அதை ஊசித் துவாரத்தின் வழியே வெற்றிடத்துக்குள் பாயவிட்டால் குளிர்ந்து கொத்துக் கொத்தாகச் சேரும். 10 அணுக் கொத்து, 20 அணுக் கொத்து, 100 அணுக் கொத்து, எல்லாம் கலந்து வரும். அதன் மேல் எலெக்ட்ரான்களை மோதவிட்டார்கள். மோதினால் கொத்திலிருந்து ஒரு எலெக்ட்ரான் தெறிக்கும். கொத்து நேர்மின் கொத்தாகிவிடும். சில சமயம் இரண்டு எலெக்ட்ரான் தெறிக்கும். கொத்தில் இரண்டு நேர்மின்னேற்றம் தங்கும். அப்போதுதான் சண்டை ஆரம்பம். அந்த இரண்டும் கொத்தின் இரு கோடியில் நின்று ஒன்றையொன்று தள்ளும்.

எத்தனை அணு சேர்ந்த கொத்து இந்தத் தள்ளுதலைத் தாங்கும்? இதைக் கண்டுபிடிக்க அழகான ஒரு உபாயம் இருக்கிறது. அவர்களுடைய கருவி எடையை மின்னேற்றத்தால் வகுத்துக் காட்டும். 53 அணுக் கொத்தில் இரண்டு மின்னேற்றம் இருந்தால் கருவி 26½ என்று காட்டும். அரை அணு உலகத்தில் கிடையாது. ஆகவே அரையில் கோடு விழுந்தால் அது இரட்டை மின்னேற்றக் கொத்துத்தான், சந்தேகமில்லை. அந்த அரைக் கோடுகள் எந்த எண்ணிலிருந்து தென்பட ஆரம்பிக்கின்றன என்று பார்த்தால் போதும்.

ஸெனானில் 50ஐத் தாண்டிய பிறகுதான் தென்பட்டன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சின்னக் கொத்துகளில் இரண்டு எலெக்ட்ரான் தெறிக்காமல் இல்லை. தெறித்த மாத்திரத்தில் கொத்து வெடித்துப் போய்விட்டது. ஈயத்தில் சுமார் 30 அணுக் கொத்தே இரண்டு மின்னேற்றத்தைத் தாங்கியது. சோடியம் அயோடைடு என்ற உப்பில் சுமார் 20 போதுமாக இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? ஸெனான் அணுக்கள் ஒன்றையொன்று பட்டும் படாமலும் பிடித்துக்கொள்பவை. பிடி மகா பலவீனம். ஈயம் உலோகம், பிடி பலம். உப்பில் பிடி அதைவிடக் கெட்டி. பிடி தளர்ந்த கூட்டம் அதே அதிர்ச்சியைத் தாங்க ஆள் அதிகம் வேண்டும். பிடி உறுதியானால் குறைந்த எண்ணிக்கையே தாங்கும். நீங்கள் சிரிக்கிறீர்கள், ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் ஸெனான் அணுவுக்குச் சங்கமும் தெரியாது, சந்தாவும் தெரியாது. உவமையை அதன் தலையில் கட்ட வேண்டாம். அது பௌதிக விதிப்படி நடக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், போதாது. அடுக்கும் முக்கியம். ஸெனான் கொத்துகளில் 13, 55, 147 என்ற எண்கள் மற்றவற்றைவிட உறுதியாக நிற்பதையும் அதே 1981ல் கான்ஸ்டான்ஸில் கண்டார்கள். சந்தையில் ஆரஞ்சு அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி இடைவெளி விடாமல் 12 வைக்கலாம், ஆக 13. அதன் மேல் இன்னொரு சுற்று 42, ஆக 55. அதற்கு மேல் 92, ஆக 147. சுற்று பூர்த்தியான கொத்து அசையாது. பூர்த்தியாகாததில் ஒட்டிக்கொண்டிருப்பவை சுலபமாக உதிரும்.

சோடியத்தில் வேறு கணக்கு. 1984ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் நைட் என்பவரும் அவர் குழுவினரும் 8, 20, 40, 58 அணுக்கள் சேர்ந்த சோடியக் கொத்துகள் அதிகமாக நிலைத்து நிற்பதைக் கண்டார்கள். ஆரஞ்சு அடுக்குக் கணக்குக்கு இது ஒத்துவராது. காரணம், ஒவ்வொரு சோடிய அணுவும் ஒரு எலெக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. பொதுவில் சேர்ந்த எலெக்ட்ரான்கள் பந்தி பந்தியாக உட்காருகின்றன. முதல் பந்தியில் 2 இலை. அடுத்ததோடு சேர்த்து 8. பிறகு 20, 40. பந்தி நிறைந்தால் நிம்மதி.

இது உடைகிற விதத்தையும் தீர்மானிக்கிறது. பிரான்ஸில் ஓர்சே ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் பிரெஷினியாக் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் இரட்டை மின்னேற்றம் கொண்ட சோடியக் கொத்துகளை உடைத்துப் பார்த்தார்கள். நடுவில் பிளந்து சமபாதியாகும் என்று எதிர்பார்த்தால், கொத்து 3 அணுக்களை மட்டும் ஒரு மின்னேற்றத்தோடு கழற்றி விடுவதையே விரும்புகிறது! ஏன் 3? 3 அணுவுக்கு 3 எலெக்ட்ரான். ஒன்று போனால் மீதி 2. முதல் பந்தி நிறைந்துவிட்டது. கழன்று போகிறவனும் நிறைந்த பந்தியோடு போகிறான்.

இதுவரை சொன்னது யாருக்கும் தீங்கு செய்யாத கதை. இனி வருவது அப்படியல்ல.

1938 ஜூலையில் லீஸே மைட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி பெர்லினைவிட்டுத் தப்பி ஓடினார். ஆஸ்திரியாக்காரர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பது ஆண்டு அந்நகரத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஹிட்லர் ஆட்சியில் அவருக்கு இடமில்லை. ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார். அவரோடு கூட வேலை செய்த ஆட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் இருவரும் பெர்லினில் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கிக்கொண்டிருந்தார்கள். யுரேனியத்துக்குப் பக்கத்துத் தனிமம் ஏதாவது கிடைக்கும் என்று தேடினார்கள். கிடைத்ததோ பேரியம்! அது யுரேனியத்தின் எடையில் பாதிக்குச் சற்று மேல் உள்ள தனிமம். ஹானுக்குத் தலை கால் புரியவில்லை. மைட்னருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு மைட்னரைப் பார்க்க வந்திருந்தார் அவருடைய சகோதரி மகன் ஆட்டோ ஃபிரிஷ். இருவரும் குங்கேல்வ் என்ற ஊரில் பனியில் நடந்து போனார்கள். போகிற வழியில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். என்ன கணக்கு? நம்முடைய துளிக் கணக்குத்தான்! அணுவின் உட்கருவை ஒரு திரவத் துளியாகப் பாருங்கள். உட்கருவில் உள்ள துகள்கள் ஒன்றையொன்று பற்றுவதால் அதற்கும் ஒரு பரப்பு இழுவிசை உண்டு. புரோட்டான்கள் எல்லாம் நேர்மின். அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. புரோட்டான் கூடக் கூடத் தள்ளுதல் மிஞ்சும். ஏறக்குறைய 100 புரோட்டான் வரும்போது இழுவிசை தோற்றுவிடும் என்று கணக்கு வந்தது. யுரேனியத்தில் 92 புரோட்டான். கரையின் விளிம்பில் நிற்கிற ஆள் மாதிரி! ஒரு நியூட்ரான் வந்து தட்டினால் போதும். துளி நீளுகிறது, இடை சிறுக்கிறது, இரண்டாகிறது. இரண்டு துண்டும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தள்ளிக்கொண்டு பறக்கின்றன. அந்தப் பறக்கிற வேகத்தின் சக்தி ஏறக்குறைய 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்.

சோவியத் நாட்டில் யாகோவ் ஃபிரெங்கெலும் 1939ல் மின்னேறிய துளியை வைத்தே உட்கருப் பிளவை விளக்கினார். போரும் வீலரும் எழுதிய முழு விளக்கம் 1939 செப்டம்பர் 1ல் அச்சாகி வெளிவந்தது. அதே நாளில்தான் ஹிட்லர் படை போலந்துக்குள் நுழைந்தது. 1940ல் ஃபிளெரோவ், பெட்ர்ஷாக் என்ற இரண்டு சோவியத் இளைஞர்கள், யாரும் தட்டாமலே யுரேனியம் தானாகவும் பிளக்கும், ஆனால் மிக மிக அபூர்வமாக, என்று கண்டுபிடித்தார்கள். ஆகாயத்திலிருந்து வரும் கதிர்கள் இடைஞ்சல் செய்யாமல் இருக்க, மாஸ்கோவின் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் கருவியை வைத்து ராத்திரியில் வேலை செய்தார்கள். டூப்னாவில் ஃபிளெரோவின் பெயரால் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அந்தக் கூடத்தின் பெயரை 2012ல் 114வது தனிமத்துக்கே வைத்துவிட்டார்கள். 100ஐத் தாண்டினால் துளி நிற்காது என்றேனே, 114 எப்படி நிற்கிறது? பந்தி! உட்கருவின் துகள்களும் பந்தி பந்தியாக உட்காருகின்றன. பந்தி நிறைவு ஏதோ கொஞ்ச நேரம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

1945 ஆகஸ்ட் 6ல் ஹிரோஷிமாவில் விழுந்தது என்ன என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அணுவுக்குள்ளே பிசாசும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரே இன மின்சாரம் ஒன்றையொன்று தள்ளும் என்ற, உங்கள் கார்டிங் பஞ்சு தினமும் காட்டுகிற அதே விதிதான் அதன் நெருப்பில் பெரும்பகுதி. விதியைக் கண்டது குற்றமல்ல. அதை ஒரு ஊரின் மேல் போட உத்தரவு போட்டது மனிதர்கள். மைட்னரை அந்தக் குண்டு வேலைக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1944ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போயிற்று. பனியில் கணக்குப் போட்ட அம்மையாருக்கு ஒன்றுமில்லை.

சரி, உயிரைக் காக்கும் பக்கத்துக்கு வருவோம். மால்கம் டோல் என்று ஒரு அமெரிக்க ரசாயன விஞ்ஞானி. பெயிண்ட் கம்பெனி ஒன்றுக்கு யோசனை சொல்லப் போன இடத்தில், மோட்டார் காருக்கு மின்சாரம் ஏற்றிய பெயிண்டைப் பீச்சியடிப்பதைப் பற்றித் தெரிந்துகொண்டார். அதிலிருந்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. பெரிய மூலக்கூறுகளை எடை போட வேண்டுமானால் அவற்றை ஒற்றை ஒற்றையாக அந்தரத்தில் மின்னேற்றத்தோடு பறக்கவிட வேண்டும். சூடாக்கிப் பறக்கவிட்டால் அவை கெட்டுப்போகும். முட்டையைச் சூடாக்கினால் வெள்ளைக்கரு என்ன ஆகிறது? ஆனால் அந்தப் பொருளைத் திரவத்தில் கரைத்து, மின்சாரம் ஏற்றி, பீச்சினால்? துளி வற்றும், எல்லையைத் தொடும், சிதறும், குட்டித் துளி வற்றும், சிதறும். கடைசியில் தண்ணீரெல்லாம் போய் மூலக்கூறு மட்டும் மின்னேற்றத்தோடு மிஞ்சும்! 1968ல் டோல் இந்த யோசனையை வெளியிட்டார். 1984ல் இதை நல்ல கருவியோடு சேர்த்து நடத்திக் காட்டியவர்கள் இரண்டு குழுவினர். அமெரிக்காவில் ஜான் ஃபென்னும் யமாஷிதாவும். லெனின்கிராடில் அலெக்ஸாண்ட்ரோவ், லிடியா கால் அம்மையார் முதலியோர். லெனின்கிராட் குழுவினரைப் பற்றி வெளியே பேசுபவர்கள் குறைவு.

2002ல் ஃபென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85. அதற்கு முன்னமே, 70 வயதானதும், யேல் சர்வகலாசாலை விதிப்படி அவரை ஓய்வு பெறச் செய்துவிட்டது. பிறகு இந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமை யாருடையது என்று அவருக்கும் சர்வகலாசாலைக்கும் வழக்கு மூண்டது. கண்டுபிடிப்பின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிக் காப்புரிமையைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார் என்று 2005ல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 10 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அந்த ஆராய்ச்சிக்குச் செலவான பணம் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சிப் பணம், அதாவது ஜனங்களின் வரிப்பணம். ஜனங்களுக்கு என்ன பங்கு என்று அந்த வழக்கில் கேட்க யாரும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கருவி இன்று என்ன செய்கிறது? பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் காகிதத்தில் ஒற்றி அனுப்பினால், பல பரம்பரைக் கோளாறுகளை ஒரே சோதனையில் சொல்லிவிடுகிறது. சிலவற்றை முதல் சில வாரத்திலேயே கண்டுபிடித்து உணவை மாற்றினால் குழந்தையின் மூளை பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் பிழைக்காது. காய்கறியில் தங்கிய பூச்சி மருந்து எவ்வளவு என்று அதுவே அளக்கிறது. தெளித்தவனின் சிறுநீரில் அந்த மருந்தின் மிச்சம் எவ்வளவு என்றும் அளக்கும்.

இதைத்தான் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தடித்து மயங்கி விழுந்த ஆளைப் பார்த்து, “வெயில்தான், மோர் குடிக்கச் சொல்லு” என்று சொல்வது மிராசுதாருக்குச் சுலபம். அடித்தவன் உடம்பில் விஷம் ஏறியதா இல்லையா என்பது இன்றைக்கு வாய்ச் சண்டையாக இருக்க வேண்டிய விஷயமல்ல. நேரத்தோடு எடுத்த சிறுநீரும் ரத்தமும் சாட்சி சொல்லும். நேரத்தோடு என்பதைக் கவனியுங்கள். சில மருந்துகளின் மிச்சம் இரண்டு மூன்று நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் சாட்சி இல்லை. முதல் வேலை ஆஸ்பத்திரி, உயிர்தான் முக்கியம். அங்கே போனதும் மருந்து டப்பாவைக் காட்டுங்கள், எத்தனை மணிக்கு அடித்தது என்று சொல்லுங்கள், ரத்தமும் சிறுநீரும் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கருவி பெரிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. நம் கிராமத்து ஆஸ்பத்திரியில் கிடையாது. ஆனால் அப்படி ஒரு சோதனை உண்டு என்று தெரிந்தவன்தான் கேட்க முடியும்.

பள்ளிக்கூடத்தில் படித்த தோழர்களுக்காக ஒரு துணுக்கு. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்று வாத்தியார் காட்டியிருப்பார். ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடிக்கிறது என்று காரணமும் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் மனப்பாடம் பண்ணி மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினேன். ஆனால் வெளிவரும் வாயுவே உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே திரை போட்டுவிடுமே, பிறகு வெடிப்பு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 2015ல் பிராக் நகரத்து யுங்விர்த் முதலியோர் அதிவேக சினிமாக் காமிராவில் படம் பிடித்தார்கள். உலோகத் துளி தண்ணீரைத் தொட்ட ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அதிலிருந்து முள் முள்ளாகப் பீறிடுகிறது. எலெக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிடுகின்றன; நேர்மின் மட்டும் மிஞ்சிய துளி ரேலேயின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. முள் பீறிட்டதும் புது உலோகம் புதுத் தண்ணீரைத் தொடுகிறது. அதன் பிறகே வெடிப்பு. வாத்தியார் சொன்ன ஹைட்ரஜனும் பொய்யல்ல, அது இரண்டாவது அங்கம்.

பேச்சு முடிந்ததும் ஒரு தோழர் எழுந்து, “இடி மேகத்தில் இவ்வளவு மின்சாரம் இருக்கிறதே, அப்படியானால் மழைத்துளி எல்லாம் மேலேயே சிதறிப் போக வேண்டாமா? நமக்கு எப்படி மழை பெய்கிறது?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மேகத்தின் மின்சாரம் பெரிதுதான். ஆனால் அதைச் சுமக்கிற துளிகளும் பனிப்பொடிகளும் கணக்கற்றவை. பங்கு போட்டால் ஒரு துளிக்கு வருவது கொஞ்சம். இடிமழையின் துளிகளைப் பிடித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் மின்னேற்றம் ரேலே எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. பெரிய மழைத்துளி உடைவது உண்டு, ஆனால் அதை உடைப்பது பெரும்பாலும் மற்றத் துளிகளோடு மோதுவதும் விழுகிற வேகத்தில் காற்று தள்ளுவதுந்தான். சுமை கோடானுகோடித் துளிகளுக்குப் பங்காகியிருக்கிற வரையில் ஒவ்வொரு துளியும் முழுசாகத் தரைக்கு வந்து சேருகிறது.